தூங்குமூஞ்சியைக் காணோம்!

காலை ஆறு இருபது.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்து வீட்டில் நிஷாலினியின் போன் அலறியது...

வாயில் பற்பசை நுரையோடு எடுத்தாள். மறுமுனையில் கலாநிதி புவனேந்திரன். பதுளை டவுனில் அவள் வேலை செய்யும் ஆய்வுகூடத்தின் தலைவர். எட்டு மணிக்கு முன்னால் யாரோடும் பேசாத மனிதர்.

"நிஷாலினி... உங்க அப்பா லேப்புக்குள்ள விழுந்து கெடக்கிறார்."

நுரை தொண்டைக்குள் போய்விட்டது.

"சார்... உயிரு...?"

"இருக்கு. மூச்சு இருக்கு. குறட்டையும் இருக்கு. நாலு தரம் உலுக்கிட்டேன், எந்திரிக்கல்ல. அது கெடக்கட்டும்..."

"கெடக்கட்டுமா?"

"ஃபிரிட்ஜ் தொறந்திருக்கு. தூங்குமூஞ்சியைக் காணோம்."

நிஷாலினி செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு த்ரீவீல் ஆட்டோவைத் தேடி ஓடினாள்.

பதற வேண்டாம். தூங்குமூஞ்சி என்பது ஆள் அல்ல. ஒரு என்ஸைம். நம் வயிற்றில் சோற்றைச் செரிக்க வைக்கிறதே, அந்தக் குடும்பத்துப் புரதம். ஒரு சின்னக் குழாயில் நாலைந்து சொட்டு இருக்கும். அந்த நாலைந்து சொட்டுக்காக நிஷாலினி மூன்று வருஷம் தூக்கம் கெட்டிருக்கிறாள். வந்த இரண்டு சம்பந்தங்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இரண்டாவது மாப்பிள்ளை பரவாயில்லை ரகம் என்பது அம்மா இருதயம்மாவின் தீராத கவலை.

ரயிலில் பக்கத்து சீட்காரர் அன்பாகத் தேத்தண்ணி வாங்கித் தருவார். குடித்தவர் கண் விழிக்கும்போது கடைசி ஸ்டேஷன் வந்திருக்கும். பை இருக்காது! அந்தத் தேத்தண்ணியில் தூக்க மருந்து இருக்கிறதா என்று ஒரே நிமிஷத்தில் காட்டிக்கொடுக்க ஒரு கருவி வேண்டும். சீனி வியாதிக்காரர்கள் விரலைக் குத்திப் பார்க்கிறார்களே, அதே மாதிரி ஒரு சின்ன மெஷின். அதில் செருக ஒரு ஸ்ட்ரிப். அந்த ஸ்ட்ரிப்பின் நுனியில் தடவியிருப்பதுதான் இந்த என்ஸைம்.

சும்மா இருந்தால் அது தூங்கும். தூக்க மருந்து வந்து ஒட்டினால் மட்டும் விழித்துக்கொள்ளும்! ஊரையே தூங்க வைக்கும் மருந்து இதை மட்டும் எழுப்பிவிடும். அதனால் நிஷாலினி அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தாள்.

இன்று பகல் இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. அவர்கள் கண் முன்னால் தூங்குமூஞ்சி வேலை செய்து காட்ட வேண்டும். காட்டினால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் ஆய்வுகூடத்தை மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அந்த ஆய்வுகூடத்துக்குக் காவல், அவள் அப்பா யேசுரத்தினம். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர். "மகள் வேலை செய்ற எடம், நான் பாத்துக்கிறேன்" என்று வாச்சர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்.

பார்த்துக்கொண்ட லட்சணம், இப்போது தரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

நிஷாலினி போய்ச் சேர்ந்தபோது போலீஸ் வந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரவில்லை. கலாநிதி எதற்கு முதலில் போன் பண்ணினார் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அவள் தன் தோளில் கிடந்த ஷோலைச் சுருட்டி அப்பாவின் தலைக்குக் கீழே வைத்தாள். கன்னத்தைத் தட்டினாள். அவர் சுகமாகப் புரண்டு படுத்தார்.

"உங்க அப்பா எவ்வளவு போடுவார் மிஸ்?"

கேட்டவர் சப் இன்ஸ்பெக்டர் றில்வான். முதலில் அவருடைய வயிறு வந்தது. பின்னால் அவர் வந்தார்.

"போடமாட்டார் சார். விட்டு ஆறு வருஷமாச்சு. அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு."

"எல்லா மகள்மாரும் இதைத்தான் சொல்றாங்க."

றில்வான் சிரமப்பட்டுக் குனிந்து யேசுரத்தினத்தின் வாயருகே மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். சாராய வாசம் இல்லை என்பதில் அவருக்கு ரொம்ப வருத்தம். வாசமே வராத சரக்கும் இப்போது வருகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவர் வழக்கை ஏற்கனவே முடித்துவிட்டிருந்தார். வாச்சர் குழாயை அதன் பெட்டியோடு யாருக்கோ விற்றுவிட்டான், சந்தோஷத்தில் குடித்தான், விழுந்தான். அவ்வளவுதான்! கலாநிதியும் தன் பங்குக்கு ஒரு விறகைச் செருகினார். போன வாரம் ஒரு வெளிநாட்டுக் கம்பனி தூங்குமூஞ்சியைப் பாராட்டி ஈமெயில் அனுப்பியதாம். பாராட்டியவர்களுக்குத் திருட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். உங்க அப்பாவை இனிமேல் வேலையில் வைத்திருக்க முடியாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

நிஷாலினியின் கண் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது. அவருடைய கண்ணாடிக் கிளாஸ். அடியில் இரண்டு மடக்குத் தேத்தண்ணி.

"சார், அப்பாவுக்கு யாரோ மருந்து குடுத்திருக்காங்க."

"எப்பிடித் தெரியும்?"

"இப்பத் தெரியாது. ஒரு நிமிஷத்தில தெரியும்."

கைப்பையைக் கவிழ்த்தாள். மெஷின் இருந்தது. ஸ்ட்ரிப் டப்பாவில் மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு. இன்று பகல் காட்ட வேண்டிய ஸ்ட்ரிப்புகளை, அந்தக் குழாயைத் திறந்து புதிதாகத் தடவி எடுப்பதாக இருந்தாள். குழாய் போனால் எல்லாம் போச்சு.

"இது சீனி பாக்கிற மெஷின்தானே?" றில்வான் கேட்டார். "எங்க வீட்டிலயும் ஒண்ணு கெடக்கு."

"அதேதான் சார். சீனி மெஷின்ல ஒரு என்ஸைம் இருக்கு. அது குளுக்கோஸைத் தின்னுட்டுக் கொஞ்சம் கரண்ட் குடுக்கும். அந்தக் கரண்டைத்தான் மெஷின் எண்ணிக் காட்டுது. நாங்க அந்த என்ஸைமை வெட்டி, நடுவில வேறொரு புரதத் துண்டை வச்சு ஒட்டியிருக்கோம். அதனால அது மடங்கிப் படுத்திருக்கு, தின்ன ஏலாது. தூக்க மருந்து வந்து அந்தத் துண்டில ஒட்டினா நிமிரும். நிமிந்தா தின்னும். தின்னா கரண்ட் வரும்."

"சாப்பாட்டைக் கண்டாலும் எந்திரிக்காது, மருந்தைக் கண்டாத்தான் எந்திரிக்கும்..." றில்வான் யோசித்தார். "எங்க ஸ்டேஷன்லயும் அப்பிடி ரெண்டு பேர் இருக்கானுகள்."

நிஷாலினி முதல் ஸ்ட்ரிப்பைக் கிளாஸுக்குள் முக்கினாள். மெஷினில் ஒரு கோடு ஓடியது... ஓடியது... நின்றது.

பூஜ்யம்!

இன்னொரு தரம் பார்த்தாள். பூஜ்யம்தான்.

றில்வான் மீசையைத் தடவிக்கொண்டார், அதுவே போதுமாக இருந்தது. தன் கையால் உருவாக்கிய மெஷினை நம்புவதா, தரையில் கிடக்கும் அப்பாவை நம்புவதா? ஒரு கணம் அவள் மெஷினை நம்பினாள். ஆறு வருஷத்துச் சத்தியத்தை அப்பா உடைத்துவிட்டார் என்றே நினைத்தாள். 

ஆம்புலன்ஸ் வந்தது. நாடித்துடிப்பு நன்றாக இருப்பதாகவும், தூங்கி எழும்பினால் சரியாகிவிடும் போல இருப்பதாகவும், ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றும் வந்தவர்கள் சொன்னார்கள். அப்பாவைத் தூக்கினார்கள். நிஷாலினி அவர் இடது கையைப் பிடித்தாள்.

கை மூடியிருந்தது. விரித்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

உள்ளங்கை நிறையச் சீனி!

நிஷாலினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"சார்..." கலாநிதியிடம் திரும்பினாள். "நம்ம ஸ்ட்ரிப்புக்குச் சாப்பாடு எங்கருந்து வருது?"

"இது என்ன கேள்வி? தேத்தண்ணியில இருக்கிற சீனியில இருந்து. சீனியை ஒடைச்சுக் குளுக்கோஸாக்க இன்னொரு என்ஸைமும் ஸ்ட்ரிப்பில போட்டிருக்கோமே. தனியாக் குளுக்கோஸ் தேவையில்லன்னு நான்தானே சொன்னேன். இந்த நாட்டில சீனி போடாம யாரு தேத்தண்ணி குடிக்கிறா?"

"எங்க அப்பா குடிக்கிறாரு. எங்க லயத்தில முக்காவாசிப் பேரு அப்பிடித்தான் குடிக்கிறாங்க. சீனி கையில இருக்கும், தேத்தண்ணி கிளாஸ்ல இருக்கும். ஒரு நக்கு, ஒரு மடக்கு. ரெண்டும் வாய்க்குள்ள போய்த்தான் சேரும் சார்."

கலாநிதி கொழும்பில் பிறந்து, வெளிநாட்டில் பட்டம் வாங்கி, நாலு வருஷமாகப் பதுளையில் இருக்கிறார். ஒரு லயத்து வாசலிலும் இதுவரை ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடித்ததில்லை. ஸ்ட்ரிப்பைப் பட்டினி போட்டது அவர்தான்.

"அப்ப அந்தக் கையில இருக்கிற சீனியைப் போட்டுப் பாருங்க" என்றார் றில்வான்.

"வேணாம் சார். மருந்து சீனியில இருந்துச்சா தேத்தண்ணியில இருந்துச்சான்னு தெரியாமப் போயிரும். லேப்ல சுத்தமான குளுக்கோஸ் இருக்கு."

ஒரு சிட்டிகை குளுக்கோஸ். ஒரு கலக்கு. கடைசி ஸ்ட்ரிப்.

கோடு ஓடியது... ஓடியது...

முந்நூற்றுப் பன்னிரண்டு!

அப்பா குடிக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கையும் துடைத்துக்கொண்டாள்.

றில்வானின் முதுகு நிமிர்ந்தது. குடிகாரன் கேஸ், ஒரே நிமிஷத்தில் மருந்து குடுத்துக் கொள்ளையடித்த கேஸாகிவிட்டது! பதுளையில் இப்படி ஒன்று தினமும் கிடைக்குமா? குனிந்து, தவழ்ந்து, லேப் வாசலெல்லாம் தேடினார். படியில் ஏதோ மினுங்கியது. மெல்லிசாக, வட்டமாக, வெள்ளி நிறத்தில்.

அதை உறைக்குள் போட்டுக் கலாநிதியிடம் ரகசியமாகக் காட்டினார். எலக்ட்ரானிக் சிப் மாதிரி இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் வேலைதான் என்றார். கலாநிதி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்றார்.

நிஷாலினி எட்டிப் பார்த்தாள்.

"சார், அது மீன் செதிள்."

"தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

மீன்!

 விடியக்காலையில் இந்தக் கேட் பக்கம் வரும் மீன்காரர் ஒருவர்தான். றஹீம் அண்ணன், ஊர் வழக்கில் றஹீம் நானா. ஐந்து மணிக்கு வேனை நிறுத்தி, அப்பாவோடு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் தோட்டங்களுக்கு ஏறுவார். ஐந்து வருஷப் பழக்கம். கிறிஸ்மஸுக்கு அவர் மீன் கொண்டு வருவார், பெருநாளுக்கு இவர்கள் வட்டிலப்பம் வாங்கித் தின்னப் போவார்கள்.

அவரா?

போன் பண்ணினாள். தொடர்பில் இல்லை. மலை ஏறிவிட்டார்.

"ஜீப்பை எடு!" என்றார் றில்வான்.

பசறை ரோட்டில் ஜீப் பறந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அது ஒவ்வொரு வளைவிலும் ஒரு தேயிலை லொறிக்குப் பின்னால் ஊர்ந்தது. பசறை டவுனில் விசாரித்தார்கள். மீன் வேன் எட்டரைக்கே போய்விட்டதாம். அடுத்த தோட்டத்தில் விசாரித்தார்கள். அங்கே இருந்தவர்கள், வந்தார், போய்விட்டார், இன்றைக்குச் சாலயா மீன் கொஞ்சம் சின்னது என்றார்கள்.

நிஷாலினி பின் சீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூங்குமூஞ்சிக்குச் சூடு ஆகாது. நாலு மணி நேரம் வெளியே இருந்தால் அது நிரந்தரமாகத் தூங்கிவிடும். வேனில் ஐஸ் இருக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் திருடியவன் அதை ஐஸில் வைத்திருப்பான் என்று என்ன நிச்சயம்?

பதினொரு மணி. நமுனுகுல. மலை முழுக்க மூடுபனி.

எங்கேயோ மேலே ஒரு ஹோர்ன் பாடியது. பேங்... பேங்... பே... மீன் வேன்!

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் பக்கத்தில் வேன் நின்றது. பின் கதவு திறந்திருந்தது. சுற்றிலும் இருபது பெண்கள். நடுவில் கத்தியோடு ஒரு மனிதர்!

பயப்படாதீர்கள், மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"றஹீம்! கத்தியைக் கீழ போடு!" றில்வான் குரல் கொடுத்தார்.

"போடச் சொல்லாதீங்க சார்" என்றாள் முன்னால் நின்ற ஜெயலெட்சுமி என்ற அம்மாள். "எனக்கு அரைவாசிதான் வெட்டியிருக்காரு. முடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க."

றில்வான் அந்த அரைவாசி முடியும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு பெட்டியைச் சோதித்தார். ஐஸ் கரையாமல் வைக்கும் பெரிய வெள்ளை ரெஜிபோம் பெட்டி. மேலே சாலயா. அதற்குக் கீழே ஐஸ். ஐஸுக்குள்ளே... இன்னொரு சின்ன ரெஜிபோம் பெட்டி!

நிஷாலினி பாய்ந்து திறந்தாள். நீல மூடிக் குழாய் பத்திரமாக இருந்தது. தொட்டால் விரல் விறைத்தது. அந்தக் குழாயைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். மீன் நாற்றம் அவளுக்குத் தெரியவே இல்லை.

"ஆ... மகள், நீங்களே வந்துட்டீங்களா?" என்றார் றஹீம் முகம் மலர்ந்து. "பகல் திரும்பும்போது குடுப்போம்னு இருந்தேன்."

அவர் கையில் விலங்கு விழுந்தது.

றஹீம் சொன்ன கதை இது. விடிய நாலரைக்கு லேப்பில் கரண்ட் போய்விட்டதாம். ஜெனரேட்டரும் கிளம்பவில்லையாம். ஐந்து மணிக்கு இவர் போனபோது யேசு அண்ணன் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டில் நின்றாராம். இது சூடானால் என் பிள்ளையின் மூன்று வருஷம் போச்சு, உன் ஐஸில் வைத்துக் காப்பாற்று என்றாராம். இவர் வாசல் வரை ஐஸ் கொண்டுபோய், பெட்டியைப் பொதிந்து எடுத்து வந்தாராம்.

"நான் களவெடுத்திருந்தா ஓடியிருக்க மாட்டேனா? நமுனுகுலயில நின்டு ஊரெல்லாம் கேக்க ஹோர்ன் அடிப்பேனா?"

"அதுதான் உன்ட திட்டம்" என்றார் றில்வான். "யாரும் சந்தேகப்பட மாட்டாங்கதானே."

"நாலரைக்கே கரண்ட் போனா அப்பா எனக்குப் போன் பண்ணியிருப்பாரே நானா?" என்றாள் நிஷாலினி.

"நானும் சொன்னேன் மகள். வேணாம், ராத்திரி பதினொரு மணிக்குத்தான் படுத்த பிள்ளை, இன்னைக்கு அவளுக்குப் பெரிய நாள், தூங்கட்டும்னு சொல்லிட்டாரு."

அது அப்பா பேசும் பேச்சேதான்.  ஆனால் றில்வான் விடவில்லை. ரெண்டு பேரும் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டார். குடித்தோம் என்றார் றஹீம். யேசுரத்தினத்தின் கிளாஸில் தூக்க மருந்து இருந்தது, மெஷின் சொல்லிவிட்டது, அங்கே இருந்தது நீ ஒருவன்தான், அப்போது யார் கலந்தது?

றஹீம் விழித்தார்.  

மெஷின் பொய் சொல்லாதே! அதுதான் நிஷாலினியைக் குடைந்தது.

பகல் ஒன்றரை மணிக்கு லேப்பில் புதுச் சண்டை. பெட்டி வழக்குப் பொருள், சீல் வைக்க வேண்டும் என்றார் றில்வான். சீல் வைத்தால் இரண்டு மணிக்கு எதைக் காட்டுவது என்று கலாநிதி தலையில் கை வைத்தார். நிஷாலினி கெஞ்சினாள். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. வழக்குப் பொருளும் குற்றவாளியும் றில்வானின் கண் பார்வையை விட்டு அகலக் கூடாது.

ஆகவே, கொழும்பிலிருந்து வந்த ஆய்வுக்குழுவின் தலைவி பேராசிரியை ஷிப்னா உள்ளே நுழைந்தபோது, இரண்டாவது வரிசையில் ஒரு போலீஸ்காரரும் விலங்கு மாட்டிய ஒரு மீன்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க?" என்று கேட்டார் பேராசிரியை.

"பொதுமக்கள்" என்றார் கலாநிதி.

நிஷாலினி அதற்குள் புது ஸ்ட்ரிப்புகளைத் தயார் செய்திருந்தாள். காலையில் கற்ற பாடம் மறக்குமா? ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் ஒரு துளி குளுக்கோஸும் சேர்த்தே தடவியிருந்தாள். இனி யார் எப்படிக் குடித்தாலும் தூங்குமூஞ்சிக்குச் சாப்பாடு உண்டு.

மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் ஆறு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாஸர். நேற்று மாலையே தேத்தண்ணி ஊற்றி, வரிசையாக வைத்து, மூடிவிட்டுப் போயிருந்தாள். எறும்பு வரும் என்று, சீனியை மட்டும் கடைசி நேரத்தில் போடுவதாக இருந்தாள். மூன்றில் தூக்க மருந்து உண்டு, மூன்றில் இல்லை. கோப்பைகளில் நம்பர் மட்டும்தான். எதில் மருந்து என்ற பட்டியல் ஒட்டிய உறைக்குள் பேராசிரியையின் கையில்.

முதல் கோப்பை. இருநூற்றுத் தொண்ணூறு. மருந்து உண்டு!

இரண்டாவது. பூஜ்யம். மருந்து இல்லை.

மூன்றாவது...

கோடு ஓடியது... ஓடியது... பூஜ்யம்.

நிஷாலினி கோப்பையின் நம்பரை மறுபடியும் பார்த்தாள். மூன்றாவது கோப்பையில் மருந்து உண்டு. அவளே அளந்து, அவளே கலக்கியது.

நாலு, பூஜ்யம். ஐந்து, முந்நூறு. ஆறு, பூஜ்யம். மற்றவை எல்லாம் சரி. பேராசிரியை உறையைக் கிழித்தார். பட்டியலைப் பார்த்தார். பேனாவால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். அந்தச் சின்னக் குறி நிஷாலினிக்குக் கதவளவு பெரிதாகத் தெரிந்தது.

"ஆறில ஒண்ணு பிழை" என்றார் மெதுவாக. "ரயில்ல ஆறு பேரு மெஷினை நம்பிக் குடிச்சா ஒருத்தர் தூங்கிருவார். அந்த ஒருத்தர் யாருன்னு முன்னாடியே சொல்ல ஏலுமா?"

கலாநிதி நாற்காலியில் சரிந்தார். மீன் ஐஸில் வைத்ததால்தான் என்று முனகினார். மூன்று வருஷம் நிஷாலினியின் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. அழலாம் என்று நினைத்தாள். பிறகு இன்னொரு ஸ்ட்ரிப்பை எடுத்தாள். மூன்றாவது கோப்பையில் முக்கினாள்.

பூஜ்யம். இன்னொன்று. அதுவும் பூஜ்யம்!

காலையில் அப்பாவை விட்டுவிட்டு மெஷினை நம்பினாள். அப்போது மெஷின் பட்டினியாக இருந்தது. இப்போது அதற்குச் சாப்பாடு இருக்கிறது. மருந்தும் இருந்தால் எழும்பியே தீர வேண்டும்.

"மேடம், மெஷின்ல பிழை இல்ல. இந்தக் கோப்பையில மருந்து இல்ல."

"பட்டியல்ல இருக்கே. பட்டியல் எழுதினது யாரு?"

"நான்தான்."

"மருந்து கலந்தது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப அந்த மருந்து எங்க போச்சு?"

றில்வான்கூட மீசையை விட்டுவிட்டார்.

"எனக்குள்ள போச்சுங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

கதவில் யேசுரத்தினம் நின்றார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், வேலை போய்விடுமே என்று த்ரீவீல் பிடித்து வந்திருக்கிறார். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு. முகத்தில், பள்ளிக்கூடத்தில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டவனின் அதே களை.

"மன்னிச்சுக்க பாப்பா. றஹீமை அனுப்பின கையோட கரண்ட் வந்திருச்சு, ஃபிரிட்ஜைச் சாத்துவோம்னு உள்ள வந்தேன். பாத்தா ஆறு கோப்பை வரிசையா, மூடி போட்டு வச்சிருக்கு. நான் இருவத்தாறு வருஷமா ஃபெக்டரியில டேஸ்டிங் ரூம்ல இருந்தவன். தினம் காலையில கோப்பை அடுக்கி வச்சா, டீமேக்கர் ஐயா வந்து உறிஞ்சிப் பாத்துத் துப்புவாரு. இங்க அடுக்கி வச்சிருக்கு, பாக்கத்தான் ஆளில்ல. மனசு கேக்கல்ல."

"துப்பியிருக்கலாமே அப்பா."

"துப்புற மாதிரி இல்ல பாப்பா. மூணாவது கோப்பை நல்ல நிறம். கிளாஸ்ல ஊத்தி, சுட வச்சு, சீனியோட குடிச்சிட்டேன். பெறகு, கோப்பை வெறுமனே இருந்தா நீ சங்கடப்படுவியேன்னு, என் கேத்தல்ல இருந்த தேத்தண்ணியை ஊத்தி மூடி வச்சேன். அதுக்குப் பெறகு... ஒண்ணும் ஞாபகமில்ல."

பேராசிரியை ஷிப்னா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பிறகு அந்தப் பெருக்கல் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு சரி போட்டார். தன்னை உருவாக்கியவளே தப்பாகச் சொன்னபோதும் உண்மையைச் சொன்ன மெஷின் இது, ஆய்வு தொடரட்டும் என்றார். வாச்சரையும் வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாதிரிப் பரிசோதனை எந்த நாட்டிலும் செய்ய முடியாது என்றார். கலாநிதி அது தன் யோசனைதான் என்பது போலத் தலையாட்டினார்.

நிஷாலினி ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டதை அவர் காதில் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பின்னால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். றில்வான் றஹீமின் விலங்கைக் கழற்றினார். மெல்ல எழுந்து வந்தார்.

"அப்ப மருந்து கலந்தது றஹீம் இல்ல. வெளிநாட்டுக் கம்பனியும் இல்ல..." ஒவ்வொரு விரலாக மடக்கினார். கடைசி விரல் நிஷாலினியை நோக்கி நின்றது. "காலையில இருந்து நாம தேடின ஆளு, என் ஜீப்பிலயே பின் சீட்டில உக்காந்து வந்திருக்கு."

நிஷாலினிக்கு முகம் சிவந்துவிட்டது. 'குடிக்க வேண்டாம்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் முடிந்திருக்கும். நம்பரை மட்டும் எழுதி, ஆபத்தான கோப்பைகளை மூடி வைத்துவிட்டுப் போனது அவள்தான். அவளுடைய மெஷின் முதன்முதலாகக் கண்டுபிடித்த குற்றவாளியும் அவள்தான்!

றஹீமிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் பெருந்தன்மையாக மன்னித்தார். ஒரே ஒரு நிபந்தனை. நாளைக்கு வேனில் ஏறி வந்து, நான் களவெடுக்கவில்லை என்று தோட்டம் தோட்டமாக அவளே சொல்ல வேண்டும். ஹோர்னை அவர் அடிப்பார்.

சரி என்றாள். ஏதாவது செய்து எல்லோர் மனசையும் ஆற்ற வேண்டுமே என்று உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் தட்டு நிறைய ஆவி பறக்கும் தேத்தண்ணியோடு வந்தாள். "எடுத்துக்கங்க" என்று நீட்டினாள்.

பேராசிரியை கலாநிதியைப் பார்த்தார். கலாநிதி றஹீமைப் பார்த்தார். றஹீம் கூரையைப் பார்த்தார். ஒரு கையும் நீளவில்லை.

றில்வான் தொண்டையைச் செருமினார்.

"ஸ்ட்ரிப் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு மிஸ்?"